ஓடுகிற மெசினுக்குள் ஏன் கை வைத்தார்? வன்னி வேலைத்தளங்களின் பாதுகாப்பு பற்றிய கேள்வி பதில்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் நெல் ஆலை, கார்மென்ட்ஸ், மரஆலை, வெல்டிங் பட்டறை, கட்டட வேலை, வயல் என்று எங்கேயும் வேலை செய்கிறவர்களும் வேலை கொடுப்பவர்களும் பாதுகாப்பைப் பற்றி வழக்கமாகக் கேட்பவை இவை. சில பதில்கள் முதலாளிகளுக்கு, சில தொழிலாளர்களுக்கு. ஆனால் எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் வாசிப்பது நல்லது.

ஊழியர் நடத்தையைப் புரிந்துகொள்வது என்றால் என்ன? பிழை விடுகிறவரைக் கண்டுபிடிப்பதா?

இல்லை. ஒருவர் வேலை நேரத்தில் எதைச் செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார், அந்த நேரத்தில் அது அவருக்கு ஏன் சரியாகப் பட்டது என்ற மூன்றையும் பார்ப்பது. மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் பார்த்தால் அது வேவு பார்க்கிற வேலையாகிவிடும். தொழிலாளர்கள் ஒரே நாளில் அதைக் கண்டுபிடித்து, நீங்கள் வரும்போது மட்டும் ஒழுங்காக நடப்பார்கள்.

கையை இழக்க வேண்டும் என்று நினைத்து யாரும் காலையில் வேலைக்கு வருவதில்லை. அப்படியிருந்தும் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை போகிறது என்றால், அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணத்தை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினால் அடுத்த ஆளின் கையும் அதே இடத்துக்குத்தான் போகும்.

"விபத்துகளில் 88 வீதம் தொழிலாளியின் பிழையால்தான்" என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா?

அந்த எண் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்த ஹைன்ரிச் என்பவர் 1931இல் வெளியிட்ட நூலில் இருந்து வருகிறது. பழைய விபத்து அறிக்கைகளை வைத்து, 88 வீதத்துக்குக் காரணம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயல் என்று அவர் எழுதினார். அந்த அறிக்கைகளைப் பெரும்பாலும் எழுதியது யார்? முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும். அடிபட்டவரிடம் கேட்டு எழுதியிருந்தால் எண் வேறாக வந்திருக்கும். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் இந்தக் கணக்கைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு விசாரிக்கப் போனால் விசாரணை தொடங்க முன்னமே தீர்ப்பு எழுதியாயிற்று. "கவனயீனம்" என்று அறிக்கையில் எழுதிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். மெசின் அப்படியே இருக்கும்.

2013 ஏப்ரலில் பங்களாதேஷில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுவரில் வெடிப்பு விழுந்திருப்பது முதல் நாளே தெரிந்திருந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் ஆட்களோ அடுத்த நாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். வெடிப்பு விழுந்த கட்டடத்துக்குள் போனது அவர்களுடைய "நடத்தை" என்று யாராவது சொல்வார்களா? சம்பளம் நின்றுவிடும் என்ற பயத்தோடுதான் அவர்கள் படி ஏறினார்கள்.

சரி, நன்றாகத் தொழில் தெரிந்த ஆள், பதினைந்து வருடம் மில்லில் நின்றவர், ஏன் ஓடுகிற மெசினுக்குள் கை வைக்கிறார்?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

காலபோக அறுவடை நேரம். மாசி மாதம் மில்லுக்கு வெளியே உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில் நிற்கின்றன. நெல் ஈரமாக வந்திருக்கிறது. நெல்லை மேலே தூக்கும் எலிவேற்றரின் வாயில் அது அடைக்கிறது. முறைப்படி என்றால் மோட்டரை நிறுத்தி, சுழற்சி முழுதாக ஓய்ந்த பிறகு திறந்து துப்புரவாக்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் அடுத்த மெசினும் நிற்கும், திரும்ப ஓட்ட நேரம் எடுக்கும், வெளியே நிற்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், முதலாளி எட்டிப் பார்ப்பார். கையால் ஒரு தட்டுத் தட்டினால் நெல் இறங்கிவிடும். அவர் தட்டுகிறார். இறங்கிவிடுகிறது.

இப்போது அவருக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். வேலை உடனே நடந்தது. யாரும் பேசவில்லை. "ஆள் கெட்டிக்காரன்" என்று பெயரும் வந்தது. இதே செயலை நூற்றுக்கணக்கான தடவை செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. முறைப்படி நிறுத்தியிருந்தால் கிடைத்திருப்பது பேச்சு. மனித மனம் எப்போதோ வரக்கூடிய பெரிய ஆபத்தைவிட, உடனே நிச்சயமாக வரும் சின்னப் பலனுக்குத்தான் கட்டுப்படும். இதை நடத்தை ஆய்வாளர்கள் மூன்று படிகளாகப் பார்க்கிறார்கள்: செயலைத் தூண்டியது என்ன, செயல் என்ன, செயலுக்குப் பிறகு கிடைத்தது என்ன. நாங்கள் வழக்கமாக முதல் படியில் மட்டும்தான் வேலை செய்கிறோம். போஸ்டர் ஒட்டுகிறோம், கூட்டம் வைக்கிறோம், "கவனம்" என்று சொல்கிறோம். மூன்றாவது படி தொடப்படாமல் கிடக்கிறது.

அதைத் தொடுவது எப்படி? நிறுத்தும் சுவிட்சை எலிவேற்றருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அடைப்பை எடுக்க நீளப் பிடி போட்ட கம்பி ஒன்றைக் கொக்கியில் தொங்க விடுங்கள். மூடியைத் திறந்தால் மோட்டர் தானாக நிற்கும்படி செய்யலாம், நல்ல மின்வேலைக்காரருக்கு அது பெரிய வேலை இல்லை. துப்புரவாக்கும்போது மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை உள்ளே கை வைக்கிறவரின் பொக்கற்றிலேயே வைக்கச் சொல்லுங்கள். தூரத்தில் நிற்கிற ஒருவர் தெரியாமல் ஓட விடுவதால் போன கைகள் நிறைய. கடைசியாக, மெசினை நிறுத்தியதற்காக யாருக்கும் பேச்சு விழக் கூடாது. இதில் முதலாளி ஒரு தடவை தடுமாறினாலும் மில் முழுக்கச் செய்தி போய்விடும்.

எல்லாப் பிழையும் ஒன்றுதானா?

இல்லை. ஆங்கிலேய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சரியான வேலையைச் செய்யப் போய்க் கை தவறுவது ஒன்று: பச்சைப் பொத்தானுக்குப் பதில் பக்கத்துப் பொத்தான். மறதி இன்னொன்று: துப்புரவாக்கியவர் மூடியைத் திரும்பப் போட மறந்தார். தவறாக விளங்கிக்கொண்டு செய்வது மூன்றாவது. தெரிந்தே விதியை மீறுவது நான்காவது.

மருந்தும் வேறு வேறு. கை தவறியவருக்கும் மறந்தவருக்கும் வகுப்பு எடுத்துப் பலனில்லை, பொத்தான்களைத் தள்ளி வைக்க வேண்டும், மூடி இல்லாவிட்டால் மெசின் ஓடாதபடி செய்ய வேண்டும். தவறாக விளங்கியவருக்குப் பயிற்சி தேவை. எங்கள் பக்கத்தில் இது நிறைய. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த மெசின்களில் எச்சரிக்கை அந்த மொழிகளில் இருக்கிறது, சில இடங்களில் ஆங்கிலமும் சிங்களமும் மட்டும். வாசிக்க முடியாத எச்சரிக்கையை மீறினார் என்று ஒருவரைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை. ஒரு பெயின்ட் டப்பாவும் தூரிகையும் எடுத்துத் தமிழில் எழுதுங்கள்.

தெரிந்தே மீறுகிறவரிடம், திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "விதிப்படி செய்தால் இந்த வேலையை நேரத்துக்கு முடிக்க ஏலுமா?" பதில் "ஏலாது" என்றால் பிழை விதியிலோ நேரக் கணக்கிலோ இருக்கிறது.

தலைக்கவசம், கையுறை, மாஸ்க் எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். போடுகிறார்கள் இல்லையே?

முதலில் வெயிலை யோசியுங்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே, நெல் அவிக்கிற பொயிலருக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தடித்த மாஸ்க்கைப் போட்டால் மூச்சு முட்டும். வாங்கியது சரியான அளவா? கார்மென்ட்ஸில் வேலை செய்யும் தங்கச்சியின் கைக்கு ஆண்களுக்கான பெரிய கையுறை கொடுத்தால் அவர் அதைக் கழற்றத்தான் செய்வார். அவர்களையே கூப்பிட்டு இரண்டு மூன்று வகைகளைக் கொடுத்து, எது சரிவருகிறது என்று கேட்டு வாங்குங்கள். தான் தெரிவு செய்த பொருளை ஆள் போடுவார்.

இன்னொன்று: எல்லா இடத்திலும் கையுறை பாதுகாப்பு இல்லை. சுழலும் துளைக்கருவி, கடைசல் மெசின் போன்றவற்றில் கையுறை சுற்றிக்கொண்டு கையையே உள்ளே இழுத்துவிடும். அங்கே கையுறை போடாமல் இருப்பதுதான் சரி. சாரத்தின் தொங்கலும், சால்வையும், அவிழ்ந்த தலைமுடியும் அதே ஆபத்து. சாரம் கட்டிக்கொண்டு பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பது எங்கள் மில்களில் சாதாரணமாகத் தெரிகிறது, சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம் அது.

உடலில் போடும் கவசம் எப்போதும் கடைசி வழி. ஆபத்தையே அகற்ற முடியுமா, குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அதற்குப் பதிலாகப் பாவிக்கலாமா, மூடி போட்டு மறைக்கலாமா, வேலை முறையை மாற்றலாமா என்று கேட்டு முடித்த பிறகுதான் கவசத்துக்கு வர வேண்டும். தூசியை உறிஞ்சும் காற்றாடி ஒன்று பூட்டினால் பாதி மாஸ்க் பிரச்சினை தீர்ந்துவிடும்.

"எவ்வளவோ பார்த்திட்டம், இதில என்ன" என்கிறார்கள். போரைக் கடந்து வந்தவர்களுக்கு ஆபத்து பற்றிய பயமே இல்லையா?

இதைக் குறையாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். 2009 வரை நடந்ததற்குள் இருந்து உயிரோடு வந்தவருக்கு ஒரு பெல்ட் சின்ன விஷயமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அந்த மன உறுதிதான் அவர்களைத் திரும்பக் கொட்டில் போட்டு, வயல் திருத்தி, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் செய்தது. அதை மதித்துக்கொண்டு பேச வேண்டும். "பயப்படுங்கோ" என்று சொன்னால் காது கொடுக்க மாட்டார்கள். "இவ்வளவும் கடந்து வந்த கை, ஒரு அடைப்பு எடுக்கப் போய்ப் போகக் கூடாது அண்ணை" என்று சொன்னால் கேட்பார்கள்.

அதோடு உடலையும் பாருங்கள். வெடிச் சத்தத்தில் கேட்கும் திறன் குறைந்தவர், உடலில் செல் துண்டுகளோடு இருக்கிறவர், ஒரு காலை இழந்து செயற்கைக் காலோடு வேலைக்கு வருகிறவர் எங்கள் வேலைத்தளங்களில் இருக்கிறார்கள். பின்னால் வரும் லொறியின் ஹோர்ன் கேட்காதவருக்கு விளக்குச் சைகை வேண்டும். நித்திரை இல்லாமல் வருகிறவரை அன்றைக்கு மெசினில் நிறுத்தாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். பழசைக் கிளறிக் கேட்கத் தேவையில்லை. "இண்டைக்கு மெசினில நிக்க ஏலுமோ, வேற வேலை பார்க்கிறியளோ?" என்று காலையில் கேட்டாலே போதும்.

கண்ணிவெடி அகற்றுகிறவர்களிடம் என்ன கற்கலாம்?

நிறையக் கற்கலாம். வன்னியில் பல வருடங்களாக நடக்கும் இந்த வேலையில் எங்கள் பெண்கள் பலர் இருக்கிறார்கள், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் உட்பட. முகக் கவசமும் உடற்கவசமும் போட்டு, அடையாளக் கம்பு நட்ட பாதைக்குள், மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி முன்னேறுவார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே குறித்த தூரம் இருக்கும். ஓய்வு நேரம் அட்டவணையிலேயே இருக்கும். முதலுதவி தெரிந்தவரும் வாகனமும் அந்த இடத்திலேயே நிற்கும். முடித்த நிலத்தை வேறொருவர் திரும்பச் சோதிப்பார், அதை யாரும் அவமானமாக எடுப்பதில்லை.

அந்தத் தளத்தில் எதுவும் ஒருவருடைய துணிச்சலையோ நினைவையோ மட்டும் நம்பி விடப்படவில்லை. களைத்தால் கவனம் போகும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு ஓய்வைப் போட்டிருக்கிறார்கள். ஒரு மரஆலையில் இதில் பாதியைச் செய்தாலே போதும். கிணறு வெட்டும்போதோ காணி துப்புரவாக்கும்போதோ சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் புதிதாக வரும் கூலியாட்களுக்குச் சொல்லி வையுங்கள். பிற மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

மூட்டைக் கணக்குக்குச் சம்பளம் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கிறது. அதில் என்ன தவறு?

நீங்கள் வாங்குவது வேகம். அதனுடன் அவசரமும் சேர்ந்து வருகிறது. வாரக் கடன் கட்டும் நாள் நெருங்கும்போது ஆட்கள் சாப்பாட்டு நேரத்தையும் விட்டு வேலை செய்வார்கள், பகல் ஒரு இடம், இரவு ஒரு இடம் என்றும் போவார்கள். அந்த வாரத்தில் மெசினில் நிற்கிறவர் பாதி நித்திரையில் நிற்கிறார். எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை வையுங்கள், தண்ணீர் குடிக்கும் இடைவேளையைச் சம்பளத்தோடு கொடுங்கள், அடைப்பு எடுக்க மெசின் நின்ற நேரத்தைத் தொழிலாளியின் கணக்கில் வெட்டாதீர்கள்.

"விபத்தில்லாத மாதம்" என்று பரிசு கொடுக்கலாமா? பிழை செய்கிறவருக்குத் தண்டம் போடலாமா?

இரண்டும் வேண்டாம். இரண்டுமே காயத்தை மறைக்கத்தான் பழக்கும். விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலை செய்வார், பரிசு போய்விடும் என்று கூட வேலை செய்கிறவர்களே அவரை வாய் மூட வைப்பார்கள்.

மயிரிழையில் தப்பியவற்றைச் சொல்லச் சொன்னோம். திடீரென்று நிறைய முறைப்பாடு வருகிறது. நிலைமை மோசமாகிவிட்டதா?

இல்லை, நல்ல செய்தி. 1990களில் ஹார்வர்ட் ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் வரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் மாறாக வந்தன. நல்ல குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் ஆட்கள் பயப்படாமல் வாய் திறந்து சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது, சொல்லப்பட்டதில் ஒன்றையாவது அந்த வாரமே திருத்துவது. ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டு மாதத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள், வாயால் சொன்னாலும் ஒருவர் எழுதி வைக்கட்டும்.

சின்ன இடம், பத்துப் பேர்தான். கவனித்துப் பார்ப்பதை எப்படித் தொடங்குவது?

1978இல் ஜூடித் கொமாக்கியும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் செய்ததைப் பாருங்கள். பாதுகாப்பான செயல்கள் எவை என்று ஒரு பட்டியல் போட்டார்கள், வேலை செய்கிறவர்களுக்கு அதை விளக்கினார்கள், எத்தனை வீதம் சரியாக நடக்கிறது என்று பார்த்து வரைபடமாகச் சுவரில் போட்டார்கள், மேற்பார்வையாளர்கள் நல்லதைக் கண்டால் சொன்னார்கள். ஒரு பிரிவில் 70 வீதத்திலிருந்து 96க்கும் இன்னொன்றில் 78இலிருந்து 99க்கும் ஏறியது. முயற்சியை நிறுத்தியபோது எண்கள் பழைய நிலைக்கே இறங்கின. ஒரு கிழமைப் பயிற்சியோடு முடிக்கிற காரியம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

உங்கள் இடத்தில் ஐந்தே ஐந்து செயல்களை எடுங்கள். அவற்றைத் தொழிலாளர்களே தெரிவு செய்யட்டும். மெசின் நின்ற பிறகுதான் கை போகிறதா, நடைபாதையில் மூட்டை கிடக்கிறதா, வயர் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பது போல. ஆட்கள் முறை வைத்துப் பார்க்கட்டும். பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும். முதலாளியும் அந்தப் பட்டியலுக்குள் வர வேண்டும். அவர் செருப்போடு பொயிலர் பக்கம் போனால் அதுவும் எண்ணப்படட்டும்.

வயலில் முதலாளியும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. அங்கே?

அங்கே பழக்கம்தான் மேற்பார்வை. உழவு இயந்திரத்தின் மட்காட்டில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவது, பின்னால் சுழலும் தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டுவது, இரவில் விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாத பெட்டியை ஏ-9 வீதியில் இழுத்துப் போவது, பன்றிக்கு என்று வரம்பில் மின்கம்பி இழுப்பது எல்லாம் "எல்லாரும் செய்கிறது" என்பதால் நடக்கின்றன. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் மதிப்புள்ள ஒரு பெரியவர் "என்ர பெட்டிக்கு நான் பிரதிபலிப்பான் ஒட்டிப்போட்டன்" என்று சொன்னால் பத்துப் பேர் ஒட்டுவார்கள். எந்தத் துண்டுப் பிரசுரமும் அதைச் செய்யாது.

வயலுக்கு இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. விதைப்புக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் புண் இருந்தால் மூடுங்கள். காய்ச்சலும் தசை நோவும் வந்தால் வயலில் வேலை செய்ததைச் சொல்லியே மருந்து எடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? விபத்து நடந்துவிட்டால்?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி மெசின்களின் ஆபத்தான பகுதிகளுக்கு மறைப்பு இருக்க வேண்டும். உயிர் போனாலோ, மூன்று நாளுக்கு மேல் ஒருவர் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனாலோ அதை அறிவிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது, பள்ளி விடுமுறையில் மில்லுக்கு வரும் தம்பிமாருக்கும் இது பொருந்தும்.

நடந்தவுடன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் சேவை இலவசம். அதன் பிறகு இடத்தைக் கழுவித் துடைக்க முன் போனில் படம் எடுங்கள். ஆஸ்பத்திரியில் "வேலை செய்யும்போது நடந்தது" என்று உண்மையைச் சொல்லி எழுத வையுங்கள். "வீட்டில் விழுந்தது" என்று சொல்லச் சொல்வார்கள், அதற்கு இணங்கினால் பிறகு நட்டஈடு கேட்பது மிகவும் கஷ்டம். நாட்கூலிக்காரர் தினமும் வேலைக்குப் போன நாளையும் வாங்கிய காசையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது இந்த இடத்தில்தான் உதவும்.

நான் நாட்கூலி. சொன்னால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்கள். என்ன செய்யலாம்?

இந்தப் பயம் நியாயமானது. தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராக, லொறி நிற்காத, ஆட்கள் கூடாத நேரம் பார்த்துப் போங்கள். முதலாளியின் பிழையாகச் சொல்லாமல் மெசினின் பிரச்சினையாகச் சொல்லுங்கள்: "ஐயா, இந்த பெல்ட்டுக்கு மூடி இல்லை, ஆருக்கும் பட்டால் மில் நிண்டு போகும், தகரம் இருந்தால் நாங்களே அடிச்சுத் தாறம்." ஒரே நேரத்தில் பத்துக் குறை சொல்ல வேண்டாம். மிக ஆபத்தான ஒன்றை எடுங்கள்.

அப்படியும் கேட்காவிட்டால் அந்த மெசினுக்குப் போகாமல் வேறு வேலை கேளுங்கள். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம், பெயர் வெளியே போக வேண்டாம் என்பதைப் பேசத் தொடங்கும்போதே சொல்லுங்கள். எந்த மெசின், எந்தப் பக்கம், எந்த நேரத்தில் ஓடுகிறது என்று திட்டமாகச் சொன்னால் அவர்கள் வந்து பார்ப்பதும் இலகு.